வீட்டிலேயே கார் ஆயில் மாற்றுவது: செட்டிநாட்டு வீடுகளில் எங்கே சிக்கல் வருகிறது

காருக்கு எஞ்சின் ஆயில் மாற்றுவது பெரிய வித்தை இல்லை. பழையதை இறக்கி, ஃபில்டரை மாற்றி, புதியதை ஊற்றினால் முடிந்தது. ஆனால் சில வருஷம் தொடர்ந்து வீட்டிலேயே செய்துவந்தால்தான் எது எங்கே மக்கர் பண்ணும் என்று பிடிபடும். சிக்கலில் பாதி போல்ட்டிலும் வாஷரிலும் ஃபில்டரிலும் இருக்கிறது. மீதி, இறக்கிய 3 லிட்டர் கறுப்பு ஆயிலை என்ன செய்வது என்பதில் இருக்கிறது. அதற்கு ஒரு வழி வைத்துக்கொள்ளாதவர்கள் ஸ்பானரையே தொடக்கூடாது.

பணம் மிச்சம் என்று இறங்குபவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மிச்சமாவது லேபர் கூலி சில நூறு ரூபாய்தான். தூக்கிய காரைத் தாங்கும் ஸ்டாண்டு, சாக்கெட், ஃபில்டர் கழற்றும் கருவி, அளவோடு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் என்று வாங்கினால் அந்தக் காசு திரும்பவே சில வருஷம் ஆகும். உண்மையான லாபம் வேறு: சரியான கிரேடு ஆயில், ஒரிஜினல் ஃபில்டர், புது வாஷர் மூன்றும் உள்ளே போனது நம் கண்ணுக்குத் தெரியும்.

முதலில் இடம். காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். அதை நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஒரு ஜோடி ஸ்டாண்டு அல்லது ரேம்ப் கட்டாயம். பின் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கும் போட வேண்டும். பழைய வீடுகளின் வண்டிக்கொட்டகையில் தரை பெரும்பாலும் செம்மண். மழை பெய்து ஈரம் காயாத நாளில் ஸ்டாண்டின் கால் மெல்ல இறங்கும். தடித்த பலகை போட்டு அதன்மேல் நிறுத்துங்கள்.

முன் போர்ட்டிகோவில் ஆத்தங்குடிக் கல் பதித்திருந்தால் அங்கே இந்த வேலையே வேண்டாம். அது கண்ணாடிமேல் வார்க்கும் சிமெண்ட் கல். சுட்ட ஓடு இல்லை, மேலே கிளேஸும் கிடையாது. பழைய ஆயில் ஒரு சொட்டு விழுந்தாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். சோப்பு, மண்ணெண்ணெய் எதைப் போட்டுத் தேய்த்தாலும் சாம்பல் நிற வட்டம் நின்றுவிடும். பின்கட்டுப் பக்கம் போய், பிளாஸ்டிக் ஷீட் விரித்து, அதன்மேல் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொள்வது நல்லது. பக்கத்தில் ஒரு சட்டி நிறைய மரத்தூளோ உமியோ இருக்கட்டும். சிந்தினால் அதை அள்ளிப் போட்டு ஊறவிட்டுக் கூட்டி எடுக்கலாம். தண்ணீர் ஊற்றினால் கறை இன்னும் பரவத்தான் செய்யும்.

எஞ்சினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அணைத்து, பத்து நிமிஷம் ஆறவிட்டால் ஆயில் வழியும் பதத்துக்கு வரும். ஓட்டி வந்த சூட்டோடு திறந்தால் கை வெந்துபோகும். மேலே ஆயில் மூடியைக் கழற்றும் முன் சுற்றியுள்ள புழுதியைத் துடைக்க வேண்டும். நம் பக்கத்துச் செம்மண் தூசு நைசானது. மூடி திறந்ததும் உள்ளே விழ அதற்கு ஒரு ஊதல் காற்று போதும்.

அதிகமாகத் தகராறு செய்வது, ஆயிலை இறக்க எஞ்சினின் அடியில் இருக்கும் ட்ரெயின் போல்ட்தான். வண்டியைப் பொறுத்து 14, 17, 19 மி.மீ. என்று மாறும். ஓப்பன் ஸ்பானர் போட்டால் முனை மழுங்கும். ஆறு முனை சாக்கெட் அல்லது ரிங் ஸ்பானர்தான் சரி. அடியில் மல்லாந்து படுத்திருக்கும்போது திசை குழம்பிவிடும். போல்ட்டின் தலையை நேருக்கு நேர் பார்ப்பதாக வைத்துக்கொண்டு, கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்ப வேண்டும். முன்பு செய்தவர்கள் ஏர் கன்னால் இறுக்கியிருந்தால் லேசில் வராது. நீளக் கைப்பிடி போட்டு நிதானமாக அழுத்துங்கள், சுத்தியலால் தட்டாதீர்கள். போல்ட் ஏறும் சேம்பர் (எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) அலுமினியமாக இருந்தால் மரை போய்விடும். அப்புறம் லேத் பட்டறைக்குப் போய்ப் புது மரை போட வேண்டிவரும்.

போல்ட் கழன்றதும் ஆயில் நேராகக் கீழே விழாது. முதலில் ஒரு சாண் தள்ளிப் பீய்ச்சும். வேகம் குறையக் குறைய உள்ளே வரும், கடைசியில் நூலாக இறங்கும். அகலமான தட்டு இருந்தால் மூன்று நிலையும் அதற்குள்ளேயே விழும். ஆடி மாசத்தில் செய்தால் அந்தக் கடைசி நூலைக் காற்று வளைத்துத் தட்டுக்கு வெளியே தெளிக்கும். கொட்டகையின் காற்று வரும் பக்கத்தை ஒரு படுதாவால் மறைத்துவிடலாம்.

போல்ட்டோடு வரும் செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒருமுறை நசுங்கினால் வேலை முடிந்தது. பழையதையே போடுவதால்தான் மறுநாள் காலையில் சொட்டு விழுகிறது. சில சமயம் பழைய வாஷர் சேம்பரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். தெரியாமல் புதியதையும் போட்டு இரண்டு வாஷராகிக் கசியும். விரல் வைத்துத் தடவிப் பாருங்கள். இறுக்கும்போது கையால் கடைசி மரை வரை சுற்றிவிட்டுப் பிறகுதான் ஸ்பானர். சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு டார்க் ரெஞ்சில் 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும்; உங்கள் வண்டிக்குரிய அளவை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். சொட்டுகிறதே என்று மேலும் மேலும் முறுக்குவது மரைக்குத்தான் கேடு.

ஃபில்டரில் நடக்கும் பெரிய விபத்து ஒன்றுதான். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொள்ளும், புதியது அதன்மேல் ஏறும். ஸ்டார்ட் செய்தவுடன் அழுத்தம் தாங்காமல் ரப்பர் பிதுங்கி, ஊற்றிய ஆயில் முழுக்கத் தரையில் கொட்டும். கழற்றிய ஃபில்டரில் ரப்பர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து நொடிகூட ஆகாது. புது ரப்பரில் ஆயில் தடவி, ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுற்று, கையால் மட்டும். கழற்ற வராதபோது ஸ்க்ரூ டிரைவரால் குத்திக் கழற்றுவது தப்பு. தகடு கிழிந்து பிடிமானமே இல்லாமல் போகும். கப் மாதிரி மாட்டும் கருவிதான் வழுக்காது. டூப்ளிகேட் ஃபில்டரில் ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு ஒழுங்காக இருக்காது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கடகடவென்று சத்தம் வந்தால் அதைச் சந்தேகியுங்கள்.

கிரேடு விஷயத்தில் ஊரெல்லாம் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: நம் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும் என்று. எஞ்சின் சூடானபின் தெர்மோஸ்டாட் அதைச் சுமார் 90 டிகிரியில் வைத்திருக்கும், சித்திரை மாசக் காரைக்குடியானாலும் மார்கழி மாச ஊட்டியானாலும். 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 போன்ற இளகிய கிரேடு கேட்கும் இன்றைய எஞ்சினில் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் மைலேஜ் குறையும், காலையில் மேல்பாகத்துக்கு ஆயில் ஏறத் தாமதமாகும். டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள பிஎஸ்6 டீசல் வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். சாதாரண டீசல் ஆயிலின் சாம்பல் அந்த ஃபில்டரை அடைத்துவிடும், அதை மாற்றும் செலவு தலையில் விழும். மற்றபடி டீசலில் புது ஆயில் ஒரு நாளிலேயே கறுத்தால் கவலைப்பட வேண்டாம்.

ஊற்றும்போது கேனைக் கவிழ்த்துவிடாதீர்கள். 3.5 லிட்டர் கேன் வாங்கினால் அத்தனையும் உள்ளே போக வேண்டும் என்று இல்லை. மேனுவல் சொல்லும் அளவுக்கு அரை லிட்டர் குறைவாக ஊற்றி, ஸ்டார்ட் செய்து, ஆயில் விளக்கு சில நொடியில் அணைகிறதா என்று பாருங்கள். அணையாவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். அணைந்தால் ஒரு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தி, அடியில் கசிவு பார்த்து, வண்டியைச் சமதளத்துக்கு இறக்கிப் பத்து நிமிஷம் கழித்து, ஆயில் அளவு காட்டும் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பலாம். ரேம்பில் நிற்கும்போதே பார்த்தால் அளவு பொய் சொல்லும். ஆயில் அதன் மேல் கோட்டைத் தாண்டினால், உள்ளே சுழலும் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும்.

நம் ஊரில் கொட்டகைக்குள் கவர் போட்டு நிற்கும் கார்கள் அதிகம். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்கள் கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் வந்து எடுப்பார்கள். வருஷத்துக்கு ஆயிரம் கி.மீ. ஓடாவிட்டாலும் ஆயிலை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். வீட்டிலிருந்து காரைக்குடிக் கல்லுக்கட்டிக் கடைவீதிக்குப் போய்த் திரும்பும் தூரத்தில் எஞ்சின் முழுச் சூடு ஏறாது. உள்ளே வேர்க்கும் நீர் ஆயிலில் கலந்து மூடிக்கு அடியில் வெள்ளைப் பசையாகப் படியும். காவலாளி வாரம் ஒருமுறை ஐந்து நிமிஷம் நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்வது இதை இன்னும் கெடுக்கும். 20 நிமிஷம் ஓட்டச் சொல்லுங்கள். அப்படி ஓட்டியும் வெள்ளைப் பசை திரும்பத் திரும்ப வந்து, கூலண்டும் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்தால் எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

இனி பழைய ஆயில். இதைச் சாக்கடையில் ஊற்றினால் எங்கே போகும் என்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தெருவின் மழைத்தண்ணீர் ஊருணிக்குப் போகும்படி வாய்க்கால் போட்ட ஊர்கள் நம்முடையவை. கரையானுக்கு அடிக்க என்று கேட்டு வாங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் புற்றுநோயை வரவழைக்கும் பொருட்களும் உலோகத்தூளும் இருக்கின்றன. கை படும் கதவு நிலையிலும் கிணற்றடி மரத்திலும் அதைப் பூசக்கூடாது. 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளில் பழைய ஆயிலும் வருகிறது. அது பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போய்ச் சேர வேண்டும். வீட்டுக்காரருக்கு எளிய வழி, பேரலில் சேர்த்து அப்படி அனுப்பும் சர்வீஸ் சென்டரிடம் கொடுப்பது. ஆயில் வாங்கும் முன்பே போய்க் கேளுங்கள். வாங்கிக்கொள்வோம் என்றால் மட்டும் மற்றதைத் தொடங்குங்கள். புது ஆயில் வந்த கேனிலேயே ஊற்றி இறுக மூடி, மேலே “பழைய ஆயில்” என்று எழுதுங்கள். கூலண்ட், பெட்ரோல், தின்னர் எதுவும் அதில் கலக்கக்கூடாது. கலந்தால் வாங்க மாட்டார்கள். ஃபில்டருக்குள்ளும் ஆயில் தங்கியிருக்கும். அதை ஒரு ராத்திரி புனலில் கவிழ்த்து வைத்து வடித்து, அதையும் அதே கேனில் சேர்த்துவிடுங்கள்.