காட்டோ யூனிட்ராக்: முதல் செலவு தண்டவாளத்துக்கு

மாதிரி ரயில் வாங்கும்போது காசு பெரும்பாலும் எஞ்சினுக்கே போய்விடுகிறது. தண்டவாளத்துக்கு மிச்சம் மீதிதான். வண்டி தடுமாறி நிற்பதும் தடம்புரள்வதும் அங்கேதான் தொடங்குகின்றன. ஜப்பானின் காட்டோ நிறுவனம் 9 மி.மீ. பாதையில் ஓடும் 'என்' அளவு மாதிரி ரயில்களுக்குச் செய்யும் யூனிட்ராக் தண்டவாளம், கொடுக்கும் விலைக்குத் தகும். தண்டவாளம் சரளைக்கல் மேடையோடு சேர்ந்தே வருகிறது. தரையில் விரித்தாலும் விலகாது.

எம்1 நீள்வட்டத் தொகுப்பில் தொடங்குங்கள். வளைவின் ஆரம் 315 மி.மீ., மேடையோடு வட்டத்தின் அகலம் சுமார் 655 மி.மீ. 75 செ.மீ. அகலப் பலகையில் அடங்கிவிடும். பிறகு இரட்டைப் பாதை வேண்டுமென்றால் உள்ளே 282 மி.மீ. வளைவு சரியாக உட்காரும். இன்னொரு ஜப்பானியத் தயாரிப்பான டோமிக்ஸ் தண்டவாளம் மலிவாகக் கிடைத்தாலும் கலக்காதீர்கள்: அதன் இணைப்பு வேறு, இரட்டைப் பாதைகளுக்கு நடுவிலான இடைவெளியும் 33-க்குப் பதில் 37 மி.மீ.

பெரிய குறை 4ஆம் எண் பாயின்ட், அதாவது வண்டியை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் துண்டு. அதில் அசையும் நாக்குத் தண்டவாளத்தின் முனை பக்கத் தண்டவாளத்தோடு முழுதாக ஒட்டாமல் துருத்தும். நீராவி எஞ்சினின் முன்சக்கரம் போல எடை குறைந்தவை அதில் ஏறிப் புரளும். நுண்ணரத்தால் முனையைச் சாய்வாகத் தேய்த்தால் சரியாகும். ஆனால் புதிதாக வாங்கியதற்கு அரம் போட வேண்டியிருப்பது நியாயமில்லை. இடமிருந்தால் 718 மி.மீ. ஆரமுள்ள 6ஆம் எண்ணையே வாங்குங்கள். விலை கூடுதல், ஓட்டம் சீர். அது திருப்பிய பாதைக்கு மட்டுமே மின்சாரம் அனுப்பும்; மற்றதில் வண்டி நின்றால் பழுது என்று எண்ண வேண்டாம்.

துண்டுகளைக் கழற்றும்போது நேராக இழுங்கள். சாய்த்து இழுத்தால் இணைப்பின் உள்தகடு விரிந்து தொடர்பு தளர்ந்துவிடும். பெரிய வட்டத்தில் வண்டி எதிர்ப்பக்கம் மட்டும் மெதுவானால் இதுதான் காரணம்: இணைப்பை மாற்றுங்கள், அந்தப் பக்கம் இன்னொரு மின்னிணைப்புத் துண்டு போடுங்கள். தண்டவாளத்துக்கு மின்சாரம் தந்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் பவர் பேக், ஜப்பான் சந்தைக்கானதென்றால் 100 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் எரிந்துபோகும்.

தண்டவாளத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள் கீறலில் அழுக்கு இன்னும் சேரும்.

வண்டிக்கு: மோட்டார் பெட்டியுள்ள அடிப்படைத் தொகுப்பு முதலில், நடுப்பெட்டிகள் பிறகு. பழையது வாங்கினால் சக்கர ரப்பரைப் பாருங்கள்; இறுகியிருந்தால் ஏற்றத்தில் வழுக்கும், அதை மட்டும் மாற்றினால் போதும்.