கேபிள் ஃப்ரீ என்றார்கள், மைக்தான் போலி

வீட்டுக் கம்ப்யூட்டரில் பாடிப் பதிவு செய்ய மைக் வாங்க சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 3,600 ரூபாய் போனது.

தேவை சின்னதுதான். நாலைந்து முருகன் பாட்டைப் பாடி ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். கண்டென்சர் மைக் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். என் அறையில் ஃபேனை நிறுத்தினால் வேர்த்துக் கொட்டும், ஜன்னலுக்குக் கீழே ஆட்டோ ஸ்டாண்டு. கண்டென்சர் அத்தனையையும் அள்ளிக்கொண்டு வரும், மைக் கேபிள் வழியே கொடுக்கும் 48 வோல்ட் மின்சாரமும் (பேண்டம் பவர்) கேட்கும். அதனால் பக்கத்தில் பாடும் குரலையே பெரிதும் பிடிக்கும், மின்சாரம் கேட்காத டைனமிக் மைக். அதிலும் 1966லிருந்து மேடைகளில் அடி வாங்கியே பேர் வாங்கிய ஷூர் எஸ்எம்58. அசல் பத்தாயிரத்தை ஒட்டி வரும். அந்தக் கடையில் 3,600.

"டிஸ்பிளே பீஸ் சார், அதான் இந்த ரேட். பில் வேணும்னா 18 பர்சென்ட் சேரும்" என்றார் கடைக்காரர். பில் வேண்டாம் என்றேன். என் புத்தியை என்ன சொல்ல! "லேப்டாப்லயே நேரா குத்திக்கலாம், கேபிள் ஃப்ரீ" என்று பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

வீட்டுக்கு வந்து குத்தினேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அளவை ஏற்றினால் குரலைவிட இரைச்சல்தான் ஏறியது. இதற்கு மைக்கைக் குறை சொல்ல முடியாது. அசல் எஸ்எம்58கூட ஓங்கிப் பாடினால் சில மில்லிவோல்ட்தான் தரும். லேப்டாப்பில் இருக்கும் துளை ஹெட்செட் மைக்குக்கானது. நடுவில் மைக்கின் சிக்னலைப் பெருக்கி கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி கட்டாயம் வேண்டும், அதற்குத் தனிச் செலவு. கடைக்காரருக்கு இது தெரியாமலா இருக்கும்?

சரி என்று இன்டர்ஃபேஸும் வாங்கினேன். இப்போது சத்தம் வந்தது, ஆனால் தகர டப்பாவுக்குள் பாடியதுபோல. "சரவணபவ" என்றால் 'ச' சீறியது, 'ப' வெடித்தது.

சாலிகிராமத்தில் ரெக்கார்டிங் ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் நண்பரிடம் சொன்னேன். "முதல்ல எடை போட்டுப் பாரு. 298 கிராம் இருக்கணும்" என்றார். தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். "என்ன தம்பி, கோன் ஐஸா?" என்றார் அண்ணாச்சி. 236 காட்டியது.

ஞாயிற்றுக்கிழமை நண்பரே வந்தார். மைக்கைத் தொடக்கூட இல்லை, பெட்டியைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். மேலே எஸ்எம்58-எல்சி என்று அச்சடித்திருந்தது. எல்சி என்றால் கேபிள் இல்லாமல் வரும் வகையாம். அசலில் மைக், ஸ்டாண்டில் மாட்டும் கிளிப், ஜிப் வைத்த பை என்று இருக்குமே தவிர கேபிள் இருக்காது. நான் இனாம் என்று மகிழ்ந்த கேபிள்தான் போலிக்கு முதல் சாட்சி. அப்புறம் வலைத்தலையைத் திருகிக் கழற்றி உள்ளே குரலைப் பிடிக்கும் பாகத்தை விரலால் அழுத்தினார். அசலில் அது ரப்பர் மேல் உட்கார்ந்து மெத்தென்று அசையும். கைப்பிடியைத் தட்டினாலும் சத்தம் பாட்டில் ஏறாமல் காப்பது அந்த ரப்பர்தான். என்னுடையது கல் மாதிரி நின்றது. கைப்பிடிக்குள் இருக்க வேண்டிய டிரான்ஸ்ஃபார்மரும் இல்லை. இருந்தாலும் எடையை மட்டும் நம்பாதே என்றார். கனம் காட்ட உள்ளே இரும்புத் துண்டு போட்டு விற்பவர்களும் உண்டாம்.

திரும்பக் கொண்டுபோனேன். "பில் இருக்கா சார்?" என்பதுதான் முதல் கேள்வி. ரொம்ப நேரம் நின்ற பிறகு 800 ரூபாய் கழித்துக்கொண்டு ஒரு கண்டென்சர் செட் தருவதாகச் சொன்னார். நான் எதற்கு ஓடி வந்தேனோ அதையே என் தலையில் கட்டப் பார்க்கிறார்!

இப்போது பாடுவது அங்கீகாரம் பெற்ற டீலரிடம் பில் போட்டு வாங்கிய எஸ்எம்58ல். எடை பார்த்து, கேபிள் இல்லாத பெட்டி என்று உறுதி செய்துகொண்டுதான் பணம் கொடுத்தேன்.

போன சனிக்கிழமை ஒரு சார்ஜர் வாங்க அந்தத் தெருவுக்குப் போக வேண்டியிருந்தது. அதே கண்ணாடிக்குப் பின்னால் அதே "டிஸ்பிளே பீஸ்" மூன்று அடுக்கியிருந்தது. கல்லூரிப் பையன் ஒருவன் பெட்டியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "தம்பி, அதுல எல்சின்னு போட்டிருக்கே, அப்படின்னா என்னன்னு அவர்கிட்ட கேளுங்க" என்றேன். கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார், அடையாளம் தெரிந்துவிட்டது. பையனின் கையிலிருந்து பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டார்.