டிராக்டரை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், பிக்கப்பை ஷோரூமில் விடுகிறோம்

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். வாரண்டி முடிந்த பிறகு எங்கள் டிராக்டர் ஷோரூம் பக்கமே போகவில்லை. பிஎஸ்6 (2020 ஏப்ரலில் வந்த புகை விதி) பிக்கப் சரக்கு வண்டிக்கு மட்டும் வாரண்டியைக் காசு கொடுத்து நீட்டித்திருக்கிறோம். ஒரே வீட்டில் ஏன் இப்படி இரண்டு விதம் என்று பலரும் கேட்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம். டிராக்டர் 50 குதிரைத்திறனுக்குக் கீழே. 2023 ஜனவரியில் வந்த ட்ரெம் 4 புகை விதி 50-க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குத்தான் என்பதால், எங்களுடையதில் பழைய மெக்கானிக்கல் டீசல் பம்ப்தான். கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. பிக்கப் அப்படி இல்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு எடுத்த வண்டி, அதில் எல்லாம் கம்ப்யூட்டரும் சென்சாரும்தான்.

வாரண்டி இருந்த காலத்தில் டிராக்டருக்கு எல்லா சர்வீஸும் ஷோரூமில்தான். முதல் 50 மணி நேர சர்வீஸைத் தள்ளிப்போடவே கூடாது. புது இன்ஜினில் உதிரும் இரும்புத் துகள் முழுக்க அந்த ஆயிலில்தான் இருக்கும். அதற்கப்புறம் 250 மணிக்கு ஒரு ஆயில். ஆயில் மாற்றுவது பெரிய வித்தை இல்லை, வீட்டிலேயே செய்யலாம். ஆனால் சர்வீஸ் புத்தகத்தில் ஹவர் மீட்டர் (இன்ஜின் ஓடிய மணிக்கணக்கு) அளவோடு ஷோரூம் முத்திரை இல்லாவிட்டால், பின்னால் கியர்பாக்ஸில் சத்தம் வரும்போது "நடுவுல சர்வீஸ் விட்டுப்போச்சே" என்று கைகழுவிவிடுவார்கள். இலவச கூப்பன் என்பதும் கூலிக்கு மட்டும்தான். ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் நாம்தான் காசு கொடுக்க வேண்டும்.

கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், ஹோஸ், பல்பு மாதிரி தேயும் சாமான் எதுவும் வாரண்டியில் வராது. பேட்டரிக்கும் டயருக்கும் அந்தந்தக் கம்பெனியின் தனி வாரண்டி. பேட்டரி கார்டில் வண்டி எடுக்கும் அன்றே தேதி போட்டு முத்திரை வாங்கிவிடுங்கள். டீசல் பம்பில் கம்பெனி போட்டிருக்கும் முத்திரை சீலை உள்ளூர் ஆள் அறுத்தால் பம்ப் வாரண்டி போச்சு. என் கணக்கில் டிராக்டர் வாரண்டிக்கு மதிப்பே பம்ப், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் இந்த மூன்றுக்காகத்தான்.

அந்த ஆக்ஸில் விஷயத்தில் எங்களுக்கு ஒரு தகராறு நடந்தது. சம்பாவுக்குச் சேறு அடிக்கும்போது ஆயில் கசிந்தது. டிப் ஸ்டிக்கை எடுத்தால் பால் ஊற்றிய டீ நிறம். ஆக்ஸிலின் ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. கேஜ் வீல் (சேற்றில் ஓட்டப் போடும் இரும்புச் சக்கரம்) போட்டு ஓட்டினீர்கள், வாரண்டி கிடையாது என்றார்கள் ஷோரூமில். டெல்டாவில் கேஜ் வீல் போடாமல் யார் சேறு அடிக்கிறார்கள்? வண்டி விற்கும்போது அதற்கும் சேர்த்து விலை எழுதிக் கொடுத்ததே அவர்கள்தான். நான் சண்டை போடவில்லை. மறுக்கிற காரணத்தை ஜாப் கார்டில் (ஷோரூமின் வேலைச் சீட்டு) எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டேன். பேச்சு மாறியது. சீலும் கூலியும் அவர்கள் கணக்கு, ஆயில் என் கணக்கு என்று முடிந்தது. டிரான்ஸ்மிஷன் ஆயில் பல பத்து லிட்டர் பிடிக்கும் என்பதால் அதுவும் சின்னத் தொகை இல்லை.

காசைவிடக் காத்திருப்பதுதான் பெரிய தலைவலி. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும். தண்ணீர் வந்து சேர்ந்ததும் எல்லார் வண்டியும் ஒன்றாக வயலில் இறங்கும். கம்பெனி ஆளோ ஒருவர்தான், "நாளைக்கு வந்துடுறேண்ணே" என்பார். அவரையும் குறை சொல்ல முடியாது.

அதனால் வயலில் வண்டியை நிறுத்தும் கோளாறுகளை ஊர் மெக்கானிக்கிடம் கூட இருந்து கற்றுக்கொண்டோம். முதலில் ஏர் எடுப்பது. டீசல் தீர்ந்து நின்றாலோ ஃபில்டர் மாற்றினாலோ காற்று புகுந்துவிடும். ஃபில்டர் தலையிலுள்ள பிளீடிங் ஸ்குரூவைத் தளர்த்தி, கைப் பம்பை அடித்து, நுரை நின்று டீசல் மட்டும் வரும்போதே முடுக்க வேண்டும். அப்புறம் கிளட்ச் பெடலின் ஃப்ரீ பிளே (மிதித்ததும் வெறுமனே இறங்கும் தூரம்), ஃபேன் பெல்ட், ரேடியேட்டரில் அடைத்த வைக்கோல் தூசி. இவை தெரிந்தாலே சீசனில் பாதிக் கவலை இல்லை. ஒன்று: கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் பீய்ச்சும் காமன் ரெயில் இன்ஜினில் பழைய பழக்கத்தில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தாதீர்கள். அங்கே அழுத்தம் 1,000 பாருக்கு மேல். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

பிக்கப்பில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை வண்டி தானே சூடேற்றி எரித்துக்கொள்ளும், ஆனால் அதற்குக் கொஞ்ச நேரம் நிற்காமல், ஓரளவு வேகத்தில் ஓட வேண்டும். களத்துக்கும் கடைவீதிக்குமாக நாலு கிலோமீட்டர் ஓட்டினால் எரிவது பாதியில் நின்று, ஒருநாள் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு வரும், இழுவை குறையும். அப்போது ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் கருவி) மாட்டித்தான் எரிக்க வைக்க முடியும். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் அந்த வண்டிக்கான ஸ்கேனர் இல்லை. "கழட்டிப் போட்டுட்டா தொல்லையே இல்லை" என்று சொல்பவர்கள் உண்டு. அது சட்டப்படி தப்பு, வாரண்டியும் போகும். எங்கள் ஊரில் பலரும் செய்யும் இன்னொரு காரியம், டிராக்டருக்கு வாங்கிய ஆயில் கேனிலிருந்து பிக்கப்புக்கும் ஊற்றுவது. டிபிஎஃப் வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். மற்றதை ஊற்றினால் அந்தச் சாம்பல் வடிகட்டியிலேயே தங்கிவிடும், எரித்தாலும் போகாது. ஆகவே 18 சதவீத ஜிஎஸ்டியோடு கூலி வலித்தாலும் பிக்கப் ஷோரூமுக்குத்தான்.

வெளி மெக்கானிக் கை வைத்தாலே வாரண்டி மொத்தமும் போய்விடும் என்று மிரட்டினால் அப்படியே நம்ப வேண்டாம். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டபோது, வெளி ரிப்பேரால் வந்த சேதத்துக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்றும் சொன்னது. அது கார் வழக்கு, மேல்முறையீட்டுக்கும் போனது. ஆனாலும் பேசும்போது கை கொடுக்கும். எழுத்தில் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

இப்போது தம்பி 55 குதிரைத்திறனில் ஒன்று எடுக்கலாம் என்கிறான். அதில் பிக்கப் மாதிரியே எலக்ட்ரானிக் பம்ப் வரும். ஸ்கேனரோடு வயலுக்கே வரும் ஆள் எந்த டீலரிடம் இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். விலை பேசுவதெல்லாம் அதற்கப்புறம்தான்.