முட்டைக்குத் தாள் ஒட்டும் பெட்டி: தாள் அருமை, மற்றதெல்லாம் குளிர் ஊருக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஈஸ்டர் முட்டைக்கு அலங்காரத் தாள் ஒட்டும் இந்தப் பெட்டியில் கொடுத்த காசுக்குத் தேறியது தாள் மட்டும்தான். பசை, நுரை முட்டை, செய்முறைத் தாள் எல்லாம் வசந்த காலம் என்று ஒன்று உள்ள ஊர்க்காரர்களுக்காகச் செய்தது. நம் பினாங்கில் வெயில், மழை, இரண்டுக்கும் நடுவில் புழுக்கம், அவ்வளவுதானே.

39 வெள்ளி (ரிங்கிட்) 90 காசு, இணையத்தில் வாங்கினேன், கடைப் பெயர் வேண்டாம். உள்ளே 6 நுரை முட்டை, பூப்போட்ட வாஷி என்னும் ஜப்பானியத் தாள் 6, சின்ன பாட்டிலில் பசை, ஒரு தூரிகை. வாங்கக் காரணம் மகள். சீனப் புத்தாண்டு முடிந்து பக்கத்து வீட்டு ஆன்ட்டி பஞ்சு மொட்டு வைத்த வில்லோ கிளைகளைத் தூக்கிப் போடப் போனார், இவள் போய்க் கேட்டு வாங்கி வந்துவிட்டாள், ஈஸ்டருக்கு அதில் முட்டை தொங்கவிட வேண்டுமாம். (போலந்து மாதிரி குருத்தோலை கிடைக்காத குளிர் ஊர்களில் குருத்தோலை ஞாயிறுக்கு இந்த வில்லோ கிளையைத்தான் கோயிலுக்குக் கொண்டு போவார்கள், அதனால் பொருத்தம் ஒன்றும் தப்பில்லை.) இந்த வருஷம் ஈஸ்டரும் ஏப்ரல் 5, சீனர்கள் முன்னோர் கல்லறைக்குப் போய்க் கும்பிடும் செங் பெங்கும் ஏப்ரல் 5. ஆன்ட்டி வீட்டில் கல்லறைக்குக் கொண்டு போகத் தாள் மடிக்கிறார்கள், எங்கள் வீட்டில் முட்டைக்குத் தாள் வெட்டுகிறோம், நடைபாதை முழுக்கத் துண்டுத் தாள்.

தாளைப் பற்றி நிறையச் சொல்லலாம். நிஜமான வாஷி பெரும்பாலும் முசுக்கொட்டை இனத்து மரத்தின் பட்டை நாரில் செய்வது, நார் நீளம், அதனால் பசையில் ஊறினாலும் சாதாரணத் தாள் போல் கூழாகாது, கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும். ஒரு ஓரத்தை நனைத்துக் கிழித்துப் பார்த்தேன், கிழிந்த இடத்தில் பஞ்சு மாதிரி நீள நார் தெரிந்தது, ஏமாற்றவில்லை. முட்டையைச் சுற்றி எடுக்கும் அளவுக்குத் தாளை நீள்சதுரமாக வெட்டி, மேலும் கீழும் நடுவை நோக்கி விரலளவு இடைவெளியில் கத்தரித்துக்கொண்டே வர வேண்டும், நடுவில் ஒரு பட்டை மட்டும் வெட்டாமல் விட வேண்டும். ஒவ்வொரு துண்டின் முனையும் கூராக இருந்தால்தான் முட்டையின் உச்சியில் போய் மடிப்பில்லாமல் படியும். உச்சியில் முனைகள் சேரும் இடத்தை மறைக்க ஒரு சின்ன வட்டம். ஒரு முட்டைக்கு எனக்கு அரை மணி நேரம், மகளுக்கு இருபது நிமிஷம், அவள் விரல் சின்னது.

இனி பசை. அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்று எழுதியிருக்கிறார்கள். காயும், காற்று வறண்ட ஊரில். இந்த மாதிரி வெள்ளைப் பசை உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகித்தான் இறுகும், நம் காற்றோ ஏற்கெனவே தண்ணீரில் ஊறிப் போய் இருக்கிறது. இரவு ஒட்டியது காலையிலும் பிசுபிசு. கூடையில் அடுக்கி வைத்த இரண்டு முட்டை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது ஒன்றின் பூ இன்னொன்றின் முதுகில். அப்புறம் ஏர்கோன் போட்ட அறைக்குள் கொண்டு போய் வைத்தேன், அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துவிடுகிறது இல்லையா, இரண்டு மணி நேரத்தில் கையில் ஒட்டவில்லை. பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து மெல்லிசாகத் தடவி, காய்ந்த பிறகு இன்னொரு தரம் தடவுங்கள், ஒரேயடியாகத் தடிமனாகப் பூசினால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

பெரிய கோபம் நுரை முட்டை மேல்தான். மீன்காரர் ஐஸ் போட்டு வைக்கும் பெட்டி இருக்கிறதே, அதே பொலிஸ்டிரின். செய்முறைத் தாளின் கடைசி வரியில், பளபளப்புக்கு எந்த ஸ்ப்ரே வார்னிஷும் அடிக்கலாம் என்று போட்டிருந்தது. நம்பி ஹார்ட்வேர் கடையில் ஒரு டப்பா வாங்கி அடித்தேன். தாள் சேரும் இடைவெளி வழியாக அது உள்ளே இறங்கி நுரையைக் கரைத்துவிட்டது, என் கண் முன்னாலேயே இரண்டு முட்டை கன்னம் ஒட்டிப் போன கிழவர்கள் மாதிரி ஆகிவிட்டன. கரைப்பான் கலந்த ஸ்ப்ரே பொலிஸ்டிரினைத் தின்னும், தண்ணீரில் கரையும் வார்னிஷ்தான் அதற்கு ஆகும். இந்த ஒரு வரியை எழுதக்கூடவா அவர்களுக்கு இடமில்லை!

சரி, மீதி முட்டைக்கு என்ன செய்வது. ஜெலுத்தோங் சந்தையில் வாத்து முட்டை வாங்கினேன். கோழி முட்டையே போதுமே என்பீர்கள், ஆனால் இங்கே கிடைப்பது பெரும்பாலும் பழுப்பு ஓடு, வாஷி தீர்ந்து போய் நான் பூப்போட்ட செர்வியட் (கை துடைக்கும்) தாளுக்கு வந்துவிட்டேன், அதில் அடியிலிருக்கும் வெள்ளை அடுக்குகளை உரித்துவிட்டு மேலடுக்கை மட்டும் ஒட்டினால் பழுப்பு அப்படியே கீழே தெரியும். வாத்து முட்டை வெளுப்பு, ஓடும் தடிப்பு. செர்வியட்டைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள், ஓரம் தெரியாது. காய்ந்த தாளை முட்டை மேல் வைத்து, மேலே இருந்து பசையைத் தட்டித் தட்டி வையுங்கள், தூரிகையால் இழுத்தால் கிழிந்துவிடும்.

இரண்டு முனையிலும் ஓட்டை போட்டு, சாத்தே குச்சியை (இறைச்சி கோர்த்துச் சுடும் மூங்கில் குச்சி) விட்டு மஞ்சள் கருவைக் கலக்கி, மருந்துக்கடையில் வாங்கிய சிரிஞ்சியால் ஒரு பக்கம் காற்றை அடித்தால் மறுபக்கம் வழிந்துவிடும். வாயால் ஊத வேண்டாம், பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். என் மாமியார் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏம்மா, வெறும் ஓட்டுக்கு நாப்பது வெள்ளியா?" என்றார், ஆனால் கலங்கின கருவை வீணாக்க மனசில்லாமல் தேங்காய்ப்பால், சீனி, பாண்டான் இலை போட்டு ஒரு சட்டி காயா கிண்டிவிட்டார். உண்மையைச் சொன்னால் அந்த வாரம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது ரொட்டியில் தடவிய அந்தக் காயாதான்.

ஓட்டுக்குள்ளே சோப்புத் தண்ணீர் விட்டுக் குலுக்கி இரண்டு மூன்று தரம் கழுவுங்கள். ஒரு முட்டையை நான் அவசரத்தில் ஒரே தரம் கழுவினேன், மறுநாள் காலையில் எறும்பு வரிசை கட்டிப் பூந்தாள் வழியாகவே உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. காய வைக்க அதே சாத்தே குச்சியில் கோர்த்து, அரிசி நிரப்பிய மைலோ டின்னில் நட்டு வைத்தேன்.

இப்போது கிளையில் 9 முட்டை தொங்குகிறது, 7 வாத்து, 2 நுரை. காற்றடித்தால் வாத்து முட்டைகள் மட்டும் லேசாக டக் டக் என்று மோதும், நுரைக்கு அந்தச் சத்தமே வராது. அதே கடையில் தாள் மட்டும் தனியாக 12 வெள்ளிக்கு விற்கிறார்கள் என்பதைப் பெட்டி வந்த பிறகுதான் பார்த்தேன், நேற்று இரண்டு கட்டு ஆர்டர் போட்டுவிட்டேன். பெட்டிக்கு 5க்கு 2, தாளுக்கு மட்டும் என்றால் 5.