குழி கேமை அழித்தாலும் வாராவாரம் காசு போகும், பார்த்துக்கொள்ளுங்கள்

தெருவில் ஒரு குழி நகர்ந்து நகர்ந்து முதலில் விளக்குக் கம்பத்தை விழுங்கும், கொஞ்சம் பெரிதானதும் காரை, அப்புறம் கட்டிடத்தையே முழுங்கும். அந்த மாதிரி கேம் விளம்பரம் உங்கள் போனிலும் வந்திருக்கும். அதில் ஒன்று என்னிடம் 897 ரூபாய் பிடித்தது.

இந்த வகை கேம் என்றால் எனக்குப் பழைய பைத்தியம். 2004-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த கட்டமாரி டமாசியில் குண்டூசி அளவுச் சாமானில் ஆரம்பித்து உருண்டையில் ஒட்டிக்கொண்டே போனால் கடைசியில் தீவுகளையே உருட்டிக்கொண்டு போகலாம். ஒரு தடவை காசு கொடுத்து வாங்கினால் முடிந்தது கதை. 2015-ல், மற்றவர்களை விழுங்கிப் பெரிதாகும் அகார்.ஐஓ வந்தபோது அதுவும் இல்லை, பிரவுசரில் சும்மாவே ஆடினோம். அந்த நினைப்பிலேயே இதையும் இறக்கினேன்.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் முப்பது விநாடி விளம்பரம். மூட வேண்டிய பெருக்கல் குறி கடுகளவு, சற்றுத் தள்ளி விரல் பட்டால் நேரே பிளே ஸ்டோருக்குப் போய்விடும். சலித்துப்போய் "3 நாள் இலவசம், விளம்பரம் கிடையாது" என்ற பெரிய பச்சைப் பட்டனைத் தட்டி யுபிஐ பின்னையும் போட்டேன். அதற்குக் கீழே வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்தில் "பிறகு வாரம் ரூ.299" என்று இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். மாதம்கூட இல்லை, வாரம்!

சரி, விளம்பரமாவது நின்றதா? செத்த குழியை எழுப்ப ஒன்று, கேமுக்குள் கிடைக்கும் காசை இரட்டிப்பாக்க ஒன்று என்று வந்துகொண்டேதான் இருந்தது. உலகம் முழுக்க ஆட்களோடு மோதுங்கள் என்றதும் பொய். கரண்ட் போய் வைஃபை நின்றபோது டேட்டாவும் ஆஃபில்தான் இருந்தது, அப்போதும் பிரேசில் கொடி போட்ட ஒருவன் என்னைத் துரத்திக்கொண்டே இருந்தான். எல்லாம் பாட், அதாவது கேமே ஆட்டிவைக்கும் போலி ஆட்கள்.

அன்றே கேமை அழித்துவிட்டு, தொலைந்தது என்று இருந்தேன். தொலையவில்லை. கேமை அழித்தால் சந்தா ரத்தாகாது. இரண்டரை வாரம் கழித்து பேங்க் கணக்கைப் பார்த்தால் மூன்று தடவை 299 போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பிடிப்பதற்கு முந்தின நாளே எஸ்எம்எஸ் வந்திருக்கிறது, லோன் விளம்பரக் குப்பையோடு குப்பையாக அதையும் நான் திறக்கவில்லை. அது என் தப்பு.

பிளே ஸ்டோரில் மேலே உங்கள் படத்தைத் தட்டினால் கட்டணங்கள், சந்தாக்கள் என்று ஒரு இடம் இருக்கும், அங்கே போய் ரத்து செய்ய வேண்டும். யுபிஐ ஆப்பில், தானாகக் காசு பிடிக்க அனுமதி கொடுத்த பட்டியல் இருக்கும் ஆட்டோபே பகுதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், எனக்கு அங்கே மறந்துபோன வேறொரு சந்தாவும் மாட்டியது. காசு பிடித்து 48 மணி நேரத்துக்குள் என்றால் பிளே ஸ்டோரிலேயே திரும்பக் கேட்கலாம். கடைசியாகப் போன 299 அப்படித்தான் வந்தது, மீதி 598 போனது போனதுதான்.

கேம் போட்ட கம்பெனிக்கும் மெயில் அனுப்பினேன். எங்கள் கேமை ரசித்ததற்கு நன்றி, ஐந்து ஸ்டார் கொடுங்கள் என்று பதில் வந்தது.