பென்சில் செல்லா, தட்டை பேட்டரியா? எங்கள் வீட்டு இரண்டு குட்டி கேமராக்கள்

போன வருடக் கடைசியில் எங்கள் வீட்டுக்கு ஒரே மாதத்தில் இரண்டு குட்டி கேமராக்கள் வந்தன. ஒன்று என்னுடையது: கேனான் பவர்ஷாட் ஏ590 ஐஎஸ், 2008-ஆம் வருட மாடல், இரண்டு பென்சில் செல்லில் (ஏஏ அளவு) ஓடுவது. யாரோ பீரோவில் வைத்து மறந்தது, 2,200 ரூபாய்க்குக் கிடைத்தது. இன்னொன்று அக்கா மகளுடையது: சோனி சைபர்ஷாட் டபிள்யூ830, 2014 மாடல். அவளும் பழையதுதான் வாங்கினாள், ஆனால் நான் கொடுத்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தாள். என் கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அவள் சொன்ன முதல் வார்த்தை: "என்ன மாமா, சோப்பு டப்பா மாதிரி இருக்கு?"

சோப்பு டப்பாதான், மறுக்கவில்லை. அவளுடையது 22 மில்லிமீட்டர் சொச்சம் கனம், பேட்டரியோடு 122 கிராம். என்னுடையது செல் போடாமலே 175 கிராம். இரண்டு செல்லையும் போட்டுச் சட்டைப் பையில் வைத்தால் பை முன்பக்கம் தொங்குகிறது. பேன்ட் பைதான் சரி. கையில் செல்போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அவர்கள் செல்போனிலேயே எடுக்கலாம், நன்றாகவே வரும்.

மெகாபிக்சல் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். என்னுடையது 8, அவளுடையது 20. இரண்டிலும் சென்சார், அதாவது படத்தைப் பதிவு செய்யும் சில்லு, சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. அந்த இடத்தில் 20 மெகாபிக்சலைத் திணிப்பதால் படம் இரண்டரை மடங்கு நன்றாகிவிடாது. ஏ4 அளவுக்குப் பிரின்ட் போட 8 தாராளம். இரண்டுமே சிசிடி என்ற பழைய வகைச் சென்சார் என்பதால் இப்போது ஓடும் 'பழைய சிசிடி கலர்' மோகத்துக்கும் இரண்டும் தகுதி பெறும். அந்தக் கலரில் பாதிக்கு மேல் ஃபிளாஷ் செய்கிற வேலை என்பது என் சந்தேகம். அதற்காகச் சண்டை போட மாட்டேன்.

சோனி தெளிவாக ஜெயிக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஜூம் எட்டு மடங்கு, என்னுடையதில் நான்குதான். அதைவிட முக்கியம், அதன் லென்ஸ் 25 மில்லிமீட்டரில் தொடங்குகிறது, என்னுடையது 35-இல். இந்த எண் குறையக் குறையப் படத்தில் அதிக அகலம் விழும். எங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லோரையும் ஒரே படத்தில் பிடிக்க அவள் நின்ற இடத்திலிருந்தே எடுத்தாள். நான் வாசல் தாண்டி மாடிப்படி வரை பின்னால் போனேன். வீடியோவும் அதில் 720பி, என்னுடையதில் 640க்கு 480, அதுவும் நொடிக்கு 20 ஃபிரேம். வீடியோ எடுப்பதாக இருந்தால் என் கேமராவை நினைக்கவே வேண்டாம்.

ஆனால் கற்றுக்கொள்ள வாங்குகிறவர் என்றால் ஏ590-இன் தலையில் ஒரு சக்கரம் இருக்கிறது, அதில் எம் (மேனுவல்) என்ற எழுத்து இருக்கிறது. வெளிச்சம் எவ்வளவு நேரம் உள்ளே விழ வேண்டும் என்ற ஷட்டர் வேகத்தையும், எவ்வளவு பெரிய துளை வழியாக விழ வேண்டும் என்ற அபர்ச்சரையும் நாமே வைக்கலாம். ஷட்டரை 15 வினாடி வரை திறந்து வைக்கலாம். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கேமராவை வைத்து, டைமர் போட்டு, கீழே தெருவில் போகும் வண்டிகளின் விளக்கை நீளக் கோடாக இழுத்து எடுத்த அன்றுதான் ஷட்டர் என்றால் என்ன என்று எனக்கு உறைத்தது. டபிள்யூ830-இல் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம், ஐஎஸ்ஓ என்கிற, சென்சாரின் ஒளி உணர்திறன் அளவை மாற்றலாம். மற்றதைக் கேமராவே முடிவு செய்யும்.

இதெல்லாம் இருந்தும் நான் ஏ590-ஐ எடுத்ததற்குக் காரணம் எம் சக்கரம் இல்லை, பேட்டரி.

முன்பு என்னிடம் ஒரு மெல்லிய கேமரா இருந்தது. எந்த கம்பெனி என்பது வேண்டாம். வீடு மாறும்போது சார்ஜர் தொலைந்தது. இரண்டு வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால் பேட்டரி உப்பிப்போய்க் குழிக்குள் சிக்கிக்கொண்டிருந்தது, ஸ்பூன் காம்பால் நெம்பித்தான் வெளியே வந்தது. புதிதாக ஒன்று தேடி அலைந்ததில் கிடைத்தது, அசல் மாதிரியே இருந்த ஒரு டூப்ளிகேட். அசலில் போட்டிருந்ததைப் போல இரண்டு மடங்கு எம்ஏஎச் (பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) அதன் மேல் அச்சடித்திருந்தது. சந்தோஷப்பட்டேன். நாற்பது படத்தில் படுத்துவிட்டது. அதே அளவு கூட்டுக்குள் இரண்டு மடங்கு சக்தி எப்படி அடங்கும் என்று வாங்கும்போது யோசித்திருக்க வேண்டும். லென்ஸ் நன்றாக இருந்தும் அந்தக் கேமரா அத்தோடு முடிந்தது.

தட்டை லித்தியம் பேட்டரியில் உள்ள சிக்கல் இதுதான். கேமராவைத் தொடாமல் வைத்திருந்தாலும் அதற்கு வயதாகிறது. 2014 கேமராவைப் பழையதாக வாங்கினால், கூடவே 2014 பேட்டரியும் வரலாம். சோனி டபிள்யூ வரிசையின் பல மாடல்களுக்கு ஒரே பேட்டரி என்பதால், புதிய டூப்ளிகேட் இன்றைக்கும் தேடினால் கிடைக்கிறது. இது அக்கா மகளுக்கு ஆறுதல். அசலின் அளவு 630 எம்ஏஎச். அதில் ஒரு முழு சார்ஜுக்கு 210 படம் வரை என்பது கம்பெனி கணக்கு. 1,200 என்று போட்டதைப் பார்த்தால் என் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏ590-க்கு இரண்டு பென்சில் செல் போதும். ஆனால் எந்தச் செல் என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பெட்டிக்கடையில் ரிமோட்டுக்கு வாங்குவோமே, அந்த மலிவு செல்லைப் போட்டால் நாலைந்து படத்தில் பேட்டரியை மாற்றச் சொல்லிவிடும். செல் தீரவில்லை. லென்ஸ் வெளியே வரும்போதும் ஃபிளாஷ் ஏறும்போதும் கேமரா ஒரே இழுப்பில் நிறைய மின்சாரம் கேட்கும், அந்த வகைச் செல்லால் அவ்வளவு வேகமாகத் தர முடியாது. கேமரா வேண்டாம் என்று துப்பிய இரண்டு செல்களில் ஒன்று இப்போது எங்கள் கூடத்துக் கடிகாரத்தை ஓட்டுகிறது.

ஆல்கலைன் செல் போட்டால் கம்பெனி கணக்கில் சுமார் 200 படம். சார்ஜ் ஏற்றும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் என்றால் சுமார் 500. பழைய காலத்து ரீசார்ஜ் செல்கள் சும்மா வைத்திருந்தாலே சில வாரங்களில் இறங்கிவிடும். 2005-இல் சான்யோ எனலூப் என்று கொண்டுவந்தது முதல் மாதக்கணக்கில் சார்ஜைப் பிடித்து வைக்கும் வகை கிடைக்கிறது. அதைத்தான் வாங்க வேண்டும். சார்ஜரோடு நான்கு செல்லுக்கு எனக்கு 1,300 ரூபாய் ஆனது. ஆக, 2,200 ரூபாய்க் கேமரா உண்மையில் 3,500 ரூபாய். இதைச் சேர்க்காமல் மலிவு மலிவு என்று பேசினால் அது பொய்க்கணக்கு. ஆனால் நாளைக்கே கேமரா உடைந்தாலும் செல்லும் சார்ஜரும் வீட்டில் வேறு எதற்காவது ஆகும்.

பங்குனியில் மயிலாப்பூர் அறுபத்துமூவருக்கு இருவரும் போனோம். அவள் முந்தின இரவு சார்ஜ் போட மறந்திருந்தாள். சப்பரங்கள் மாடவீதிக்குள் திரும்பும்போதே திரையில் சிவப்பு வந்துவிட்டது. என் செல்லும் கொஞ்ச நேரத்தில் தீர்ந்தது. மாற்றுச் செல் இரண்டும் வீட்டு மேஜையில் பத்திரமாக இருந்தன, எனக்கும் அவ்வளவுதான் சமர்த்து. வித்தியாசம் என்னவென்றால், நான் கூட்டத்தை விட்டு வெளியே வந்து ஒரு ஃபேன்சி ஸ்டோரில் இரண்டு ஆல்கலைன் வாங்கிப் போட்டுக்கொண்டு திரும்பினேன். அவள் செல்போனை எடுத்தாள். அந்த மூன்று மணி வெயிலில் திரை ஒன்றும் தெரியாதபோது ஏ590-இன் வியூஃபைண்டர் ஓட்டையும் கைகொடுத்தது. அதில் தெரிவதைவிடப் படத்தில் ஓரங்கள் கொஞ்சம் கூடுதலாக விழும் என்பதை மட்டும் பழகிக்கொள்ள வேண்டும்.

பென்சில் செல்லின் குறை ஒன்று, ஃபிளாஷ். இரண்டு செல்லில் ஓடும் கேமராக்களில் ஒரு ஃபிளாஷ் அடித்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும், செல் இறங்க இறங்கக் காத்திருப்பும் நீளும். கல்யாண வீட்டில் மாலை மாற்றுவதை எடுக்க இது தோதுப்படாது. மேலும் நான் இதை வைத்திருப்பது சில மாதங்களாகத்தான். பதினைந்து வயதைத் தாண்டிய கேமரா இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்று என்னால் சொல்ல முடியாது.

மெல்லியதுதான் வேண்டும் என்று மனது நிற்கிறதா? சரி, டபிள்யூ830 நல்ல தேர்வு. பக்கத்திலேயே டபிள்யூ800 கொஞ்சம் மலிவாகத் தென்படும். அதில் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் லென்ஸ் ஏற்பாடு கிடையாது, 830-இல் உண்டு. கேனான் இக்சஸ் 185-க்கும் இதே குறை. நான் அதைக் கடையில் பத்து நிமிடம் கையில் வைத்திருந்ததோடு சரி.

பழையது வாங்கப் போகும்போது லென்ஸுக்குள் செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்குச் சிலந்திவலை மாதிரிப் பூஞ்சை படர்ந்திருக்கும். செல் போடும் குழியில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் பழைய செல் கசிந்திருக்கிறது. லேசாக இருந்தால் வினிகர் தொட்ட பஞ்சில் போய்விடும், கம்பியே அரித்திருந்தால் விட்டுவிடுங்கள். 2008 மாடலுக்கு 64 ஜிபி கார்டு ஆகாது, 8 ஜிபி போதும், இரண்டாயிரம் படத்துக்கு மேல் பிடிக்கும். அப்புறம், சட்டைப் பையில் சார்ஜ் ஏற்றிய இரண்டு பென்சில் செல்லோடு போங்கள். நான் பார்க்கப் போன முதல் மூன்று கேமராக்களும் தட்டை பேட்டரி வகை. விற்றவர்கள் மூன்று பேருமே "சார்ஜர் இல்ல சார், ஆனா நல்லா ஓடும்" என்றார்கள். நாலாவது ஆளும் அதையேதான் ஆரம்பித்தார். நான் பையிலிருந்து செல்லை எடுத்துப் போட்டேன், லென்ஸ் வெளியே வந்தது.