லாரி பார்சலில் ஓலைக் கொட்டான்: மூன்று வருடக் கணக்கு

மணப்பாட்டிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் 22 பெண்கள் முடைகிற பனையோலைக் கொட்டான்களை (மூடி போட்ட சின்ன ஓலைப்பெட்டிகளை) வாங்கி, சென்னை மிட்டாய்க்கடைகளுக்கும் கல்யாண ஆர்டர்களுக்கும் அனுப்புவது என் தொழில். மூன்று வருடமாகத் தூத்துக்குடியில் உள்ள ஒரு லாரி பார்சல் சர்வீஸில்தான் சரக்கைப் போடுகிறேன். அதைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

பெயரைப் போடவில்லை. காரணம், இந்தத் தொழிலில் ஒரே போர்டு மாட்டியிருந்தாலும் பல கிளைகளை நடத்துவது கமிஷன் ஏஜென்ட்கள். எங்கள் கிளையில் இருக்கிற கிளார்க்கும் லோடுமேன் அண்ணாச்சிகளும் உங்கள் ஊர்க் கிளையில் இருக்க மாட்டார்கள். பெயரைப் பார்த்துப் போவதைவிட, எதைப் பார்த்து ஒரு ஆபீஸைத் தேர்ந்தெடுப்பது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. என்னைப் போல எடை குறைவாகவும் இடம் அதிகமாகவும் பிடிக்கிற சரக்கு விற்பவர்களுக்கு இது முக்கியமாக உதவும்.

முதலில் நான் கூரியரில்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கைச் சொன்னால்தான் மற்றது புரியும். கொட்டான் என்றால் மூடியோடு சேர்த்து 12 சென்டிமீட்டர் சதுரம், அறுபது கிராம் எடை. 60க்கு 45க்கு 45 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டியில் 45 கொட்டான் அடங்கும். பெட்டியோடு சேர்த்து நாலு கிலோகூட வராது. ஆனால் கூரியர்காரர் தராசை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000ஆல் வகுப்பார். என் பெட்டிக்கு 24.3 வரும், அதை 25 கிலோ என்று எழுதுவார். கிலோ 14 ரூபாய் வீதம் ஒரு பெட்டிக்கு 350 ரூபாய். ஒரு கொட்டானுக்கு ஏழே முக்கால் ரூபாய்! அவர் மேல் தப்பு சொல்ல முடியாது, வண்டியில் இடம்தானே விற்கிறார். நான் 42 ரூபாய்க்கு விற்கிற பொருள் அது. அடக்க விலை 29. மீதி 13 ரூபாயில் பாதிக்கு மேல் காற்றை ஏற்றி அனுப்பவே போய்விட்டது.

அதோடு முடியவில்லை. கூரியர் சில சமயம் மூன்று நாளில் போகும், சில சமயம் பதினொரு நாள் ஆகும். மிட்டாய்க்கடைக்காரரிடம் போய் "இன்னும் வந்து சேரவில்லை அண்ணாச்சி" என்று எத்தனை தடவை சொல்வது? பண்டிகை நேரத்தில் ஒரு நாள் கொட்டான் இல்லையென்றால் அவர் பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போய்விடுவார், அப்புறம் திரும்ப மாட்டார். அதனால் சென்னையில், கொடுங்கையூர்ப் பக்கம், ஒரு அறை பிடித்து 3,000 கொட்டான் எப்போதும் இருப்பு வைத்தேன். வாடகை 5,500. கடைக்கு எடுத்துக் கொடுக்க ஒரு தம்பிக்கு 2,000. அந்த 3,000 கொட்டானில் முடங்கிய பணம் 87,000 ரூபாய், அது என் நகையை அடகு வைத்த பணம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் மாதம் 870. எல்லாம் சேர்த்து எட்டாயிரத்துக்கு மேல். மாதம் 2,500 கொட்டான் விற்றேன். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றின் தலையிலும் மூன்று ரூபாய்க்கு மேல் ஏறியது. இந்த மூன்று ரூபாய் எந்த பில்லிலும் தனியாக எழுதி வராது என்பதால் ரொம்ப நாள் என் கண்ணில் படவே இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு செலவும் வந்தது. வடகிழக்குப் பருவமழையில் பூட்டிய அறைக்குள் பனையோலை கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். ஒரு வருடம் அறையைத் திறந்தபோது மூடியின் உள்பக்கம், பின்னல் குறுக்கே போகிற இடங்களில், சாம்பல் பூசினாற்போல் இருந்தது. விரலால் தேய்த்தால் போகும், மறுநாள் திரும்ப வரும். இனிப்பு வைக்கிற பெட்டி அது, எப்படிக் கொடுப்பேன்? 340 கொட்டானைக் கழித்துக்கட்டினேன். அந்த ராத்திரிதான் நோட்டை எடுத்து உட்கார்ந்து மேலே சொன்ன கணக்கையெல்லாம் முதல்முறையாகப் போட்டேன். கூரியர் ஏழே முக்கால், அறை மூன்றே கால் சொச்சம். 13 ரூபாயில் எனக்கு மிஞ்சியது இரண்டு ரூபாய்கூட இல்லை.

சரி, லாரி பார்சலுக்கு வருவோம். திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் ஆறு மணிக்குள் சரக்கைக் கொடுத்தால் அன்று ராத்திரி வண்டியில் ஏறும். மதுரையில் இறக்கி வேறு லாரிக்கு மாற்றுவார்கள். மூன்றாம் நாள் காலையில் சென்னை மாதவரம் கொடவுனில் இருக்கும். பெட்டிக்கு 180 ரூபாய் வாடகை, ஏற்றுக்கூலி 15, எல்.ஆர். (சரக்கை வாங்கிக்கொண்டதற்கு லாரி ஆபீஸ் தருகிற ரசீது) போட 50.

நான் இவர்களைப் பாராட்டுவதற்கு விலையைவிடப் பெரிய காரணம் அந்த மூன்றாம் நாள்தான். 2023 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு எல்.ஆர். நம்பருக்கும் எதிரே போய்ச் சேர்ந்த தேதியை எழுதி வைத்திருக்கிறேன். சென்னைக்கு மட்டும் 74 தடவை அனுப்பியதில் 66 தடவை மூன்றாம் நாள், 6 தடவை நாலாம் நாள். இரண்டு தடவைதான் அதற்கும் மேல் ஆனது. ஒன்று சேலம் கொடவுனில் தவறி இறங்கியது. இன்னொன்றைப் பிறகு சொல்கிறேன். வேகம் என்று பார்த்தால் கூரியரும் சில தடவை மூன்று நாளில் கொண்டுபோயிருக்கிறது. ஆனால் என்றைக்கு வரும் என்று தெரியாததால்தான் 3,000 கொட்டானை அறையில் வைத்துக் காவல் காத்தேன். மூன்றாம் நாள் வந்துவிடும் என்று தெரிந்ததும், கடைக்காரர்களிடம் ஐந்து நாள் சரக்கை உங்கள் கடையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல முடிந்தது. நாலு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அறையைக் காலி செய்தேன். இப்போது இருப்பு என்று இருப்பது எங்கள் அடுக்களைப் பரணில் இருக்கிற 800 மட்டும். அடுப்புச் சூட்டில் ஓலை மழைக்காலத்திலும் காய்ந்தே இருக்கிறது. நகையையும் மீட்டுவிட்டேன்.

வாடகையைக் குறைக்க எங்கள் பக்கத்திலும் ஒரு வேலை செய்தோம், சொல்லாமல் விட மனமில்லை. முடைகிறவர்களில் மூத்தவர் ஒரு அக்கா. பெட்டி பேக் செய்யும்போது பார்த்துவிட்டு, "டம்ளர் மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு போனா என்ன?" என்று கேட்டார். சதுரக் கொட்டானுக்கு வாயும் அடியும் ஒரே அளவு, அதனால் போகாது. அவரே முடைந்து காட்டினார். அடியை வழக்கம்போல் ஆரம்பித்து, மேலே ஏற ஏற ஓலையைக் கொஞ்சம் தளர்த்தி, வாயை அரை விரற்கடை அகட்டினார். கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஒன்று இன்னொன்றுக்குள் முக்கால் ஆழத்துக்கு வழுக்கிக்கொண்டு இறங்கியது. மூடிகளைத் தனியாக அடுக்கிக் கட்டினோம். 45 அடங்கிய பெட்டியில் 140 அடங்கியது! எடை ஒன்பதரை கிலோவுக்குள்தான். லாரி ஆபீஸில் பெட்டிக் கணக்கு என்பதால் வாடகை அதே 180.

இப்போது ஆறு பெட்டி அனுப்பினால் 840 கொட்டான். வாடகையும் கூலியும் எல்.ஆரும் சேர்த்து 1,220. ஊரிலிருந்து தூத்துக்குடிக்குக் குட்டி யானையில் மற்ற சரக்கோடு சேர்த்து ஏற்ற 600. மாதவரத்திலிருந்து கடைகளுக்கு 700. மொத்தம் 2,520, ஒரு கொட்டானுக்கு மூன்று ரூபாய். முன்பு பதினொன்று ஆன இடத்தில் மூன்று. இதில் இரண்டு ரூபாயை முடைகிறவர்களுக்கு ஏற்றிக் கொடுத்தேன். அது எனக்கு மனநிறைவான விஷயம்.

குறைகளும் உண்டு, பெரிய குறைகள்தான். முதல் வருடத்தில் ஆறு பெட்டி அனுப்பியதில் நாலு பெட்டி சப்பட்டையாக வந்தது. மேலே பெயின்ட் டிரம் ஏற்றியிருக்கிறார்கள். போட்டோவில் பார்த்தபோது என் வயிறு எரிந்தது. 180 கொட்டான், 7,560 ரூபாய் சரக்கு. ஆபீஸில் எல்.ஆரின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, சரக்கு உங்கள் பொறுப்பு என்று அச்சடித்திருக்கிறது, வேண்டுமானால் வாடகையைத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் அம்மாதான் வழி சொன்னார். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் விதிகள்படி, கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டாத சரக்குக்கு, எழுதிக் கொடுத்த மதிப்பைத் தாண்டாமல், வாடகையைப் போல பத்து மடங்கு வரை அவர்கள் பொறுப்பு. என் வாடகை 1,080, அதன் பத்து மடங்கு 10,800, ஆகவே என் 7,560 ரூபாய் நஷ்டம் அந்த வரம்புக்குள்தான். புக் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். ரிஜிஸ்டர் தபாலில் எழுதினேன். பேச்சுவார்த்தைக்குப் பின் 7,000 ரூபாயை அடுத்தடுத்த பில்களில் கழித்தார்கள். கிடைத்தது சரி, ஆனால் கேட்காமல் தந்திருக்க வேண்டிய பணம் அது. ஆகவே இனிமேல் அனுப்புகிறவர்கள் எல்.ஆரில் சரக்கின் மதிப்பை எழுதச் சொல்லுங்கள். பில் காப்பியைப் பெட்டிமேல் ஒட்டுவதோடு, பேக் செய்த நிலையில் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.

இன்னொரு குறை, கொடவுன் டெலிவரி. சரக்கு மாதவரத்தில் இறங்கிய பிறகு அங்கிருந்து எடுப்பது நம் பாடு. மூன்று நாளுக்கு மேல் கிடந்தால் பெட்டிக்கு இத்தனை என்று டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், போடுவார்கள். கல்யாண வீட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் பழக்கமில்லை, முகவரிக்கு வரும் என்றே நினைப்பார்கள். ஒன்றிரண்டு பெட்டி ஆர்டருக்கு இன்றைக்கும் நான் கூரியரைத்தான் சொல்லுவேன், காசு கூடினாலும்.

காகித வேலையில் இவர்கள் நல்ல கெட்டி. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்குக் கீழே உள்ள சரக்குக்கு இ-வே பில் (சரக்கு வண்டியில் போக ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கிற சீட்டு) வேண்டியதில்லை என்பதால் சென்னை லோடுக்கு எனக்குத் தொல்லையில்லை. ஆனால் பெங்களூருக்கு ஒரு கல்யாண ஆர்டர், 62,000 ரூபாய். வெளிமாநிலத்துக்கு 50,000 தாண்டினால் இ-வே பில் கட்டாயம். அது 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் செல்லும். மதுரையில் வண்டி மாறும்போது புது வண்டி நம்பரை ஏற்ற வேண்டும். அந்தத் தடவை மதுரையில் ஒரு நாள் தங்கிவிட்டது. கெடு முடிவதற்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள்தான் அதை நீட்டிக்க முடியும். நான் கேட்பதற்கு முன்பே கிளார்க் நீட்டித்துவிட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். வழியில் பிடித்து நிறுத்தியிருந்தால் முகூர்த்தம் முடிந்த பிறகு கொட்டான் போய்ச் சேர்ந்திருக்கும்.

இப்போது அந்த இன்னொரு தாமதம். 2023 டிசம்பர் 16, சனிக்கிழமை, திங்கள் வண்டிக்காக 14 பெட்டி கொண்டுபோய்ப் போட்டேன். மறுநாள் பெய்த மழை எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று பயணிகள் தவித்தது அப்போதுதான். ஞாயிறு ராத்திரி, டவர் போவதற்குக் கொஞ்சம் முன்னால், ஆபீஸிலிருந்து போன். "அக்கா, கொடவுனுக்குள்ள தண்ணி ஏறிட்டிருக்கு. உங்க பெட்டி பதினாலும் மேல ஏத்தியாச்சு. கரண்டு இல்ல, ஆனா ஓலை நனையாது, பயப்படாதீங்க." அதற்கப்புறம் நாலு நாள் எந்தத் தகவலும் இல்லை. ரோடு திறந்து நான் போய்ப் பார்த்தபோது சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. கீழே இருந்த எத்தனையோ பேருடைய மூட்டைகள் ஊறிக் கிடந்தன. என் பெட்டிகள் டீசல் பேரல்களின் மேல் பலகை போட்டு அடுக்கப்பட்டிருந்தன. எல்லாமே காய்ந்த பெட்டி. தன் வீட்டுக்குள் தண்ணீர் போயிருந்த லோடுமேன் அண்ணாச்சி ஒருவர்தான் அதை ஏற்றினார் என்று கிளார்க் சொன்னார். வண்டி ஒன்பது நாள் கழித்துக் கிளம்பியது. ஒரு கொட்டான்கூட வீணாகவில்லை.

புதிதாக ஒரு ஆபீஸைத் தேடுகிறவர்கள் ரேட்டைக் கேட்பதற்கு முன், போன மாத எல்.ஆர். புத்தகத்தில் உங்கள் ரூட்டுக்குப் போன சரக்கு எந்தத் தேதியில் இறங்கியது என்று பத்து தேதி கேளுங்கள். சொல்லத் தெரிந்த ஆபீஸில் சரக்கைப் போடுங்கள். சாயங்காலம் ஐந்தரைக்குப் போய், ஏற்றும்போது கனமான சாமான் எங்கே வைக்கிறார்கள் என்று கால்மணி நேரம் நின்று பாருங்கள்.

கோயம்புத்தூர் ரூட்டில் இதே ஆபீஸ் மூலம் இதுவரை மூன்று தடவைதான் அனுப்பியிருக்கிறேன். இரண்டு தடவை மூன்றாம் நாள், ஒரு தடவை ஐந்தாம் நாள். இந்தத் தீபாவளி முடியட்டும், நோட்டில் இன்னும் கொஞ்சம் தேதி சேர்ந்ததும் அதையும் எழுதுகிறேன்.